கோபர்நிக்கஸ் ஊரில் உலவும் கதைகள்

போலந்தின் வடக்கே, விஸ்துலா காயலின் கரையில் இருக்கிறது ஃப்ரோம்போர்க். மூவாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். வானியல் அறிஞர் கோபர்நிக்கஸ் 1510 வாக்கில் இங்கே குடிவந்து, இடையில் சில ஆண்டுகள் தவிர, 1543இல் இறக்கும்வரை இங்கேதான் வாழ்ந்தார். அந்தப் பெரிய பெயரைச் சுற்றி ஊரில் கதைகளும் பெருகிவிட்டன.

நம்பிக்கை: குன்றின்மேல் தெரிவது ஒரு கோட்டை.

உண்மை: மதிலும் காவல் கோபுரங்களும் அப்படி எண்ண வைக்கின்றன. உள்ளே இருப்பதோ 1329 முதல் 1388 வரை செங்கல்லால் எழுப்பிய பேராலயம். போர் ஓயாத நிலம் என்பதால் கோயிலுக்கும் மதில் தேவைப்பட்டது. அங்குள்ள 17ஆம் நூற்றாண்டு ஆர்கனில் கோடைதோறும் கச்சேரி நடக்கிறது.

நம்பிக்கை: கோபர்நிக்கஸ் மதில் கோபுரத்தில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்தார்.

உண்மை: தொலைநோக்கி வந்ததே 1608இல். அவர் வெறுங்கண்ணால் பார்த்து, மூன்று மரச்சட்டங்களை இணைத்த கருவி போன்றவற்றால் கோணங்களை அளந்தார். கோபுரம் அவருடையதுதான். ஆனால் மதிலுக்கு வெளியே, தம் வீட்டருகே அமைத்த தளத்திலிருந்தே அளந்திருப்பார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நம்பிக்கை: ஊரிலுள்ள பழைய நீர்க்கோபுரமும் அவர் கட்டியது.

உண்மை: அது 1571-72இல் எழுந்தது, அவர் இறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. குன்றின்மேல் தண்ணீர் ஏற்றிய அந்த ஏற்பாடு வாலன்டின் ஹெண்டல் என்ற கைவினைஞரின் வேலை. பெரியவர் பெயருக்கு முன்னால் அவர் பெயர் எடுபடவில்லை.

நம்பிக்கை: பூமி சுழல்வதை கோபர்நிக்கஸ் நிரூபித்துக் காட்டினார்.

உண்மை: அவர் தந்தது கணக்கும் வாதமும். கண்முன் காட்டியது 1851இல் பாரிஸில் ஃபூக்கோ என்ற அறிஞர் தொங்கவிட்ட ஊசல். அதே வகை ஊசல், 28 மீட்டர் நீளத்தில், இங்குள்ள மணிக்கோபுரத்தில் ஆடுகிறது. சற்று நேரம் நின்று பார்த்தால் அதன் ஆட்டத்தின் திசை மெல்ல விலகுவது தெரியும்.

நம்பிக்கை: திருச்சபை கோபர்நிக்கஸைத் தண்டித்தது, கல்லறைகூட இல்லை.

உண்மை: அவரே இப்பேராலய நிர்வாகக் குழுவில் இருந்தவர், 70 வயதில் நோயுற்று இறந்தார். அவருடைய நூலுக்குத் தடை வந்தது 1616இல். எலும்புகள் 2005இல் பேராலயத் தரைக்கடியில் கிடைத்தன. அவர் வைத்திருந்த நூலொன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது; அதன் பக்கங்களுக்கிடையே சிக்கியிருந்த முடிகளில் இரண்டின் மரபணு, மண்டையோட்டின் பல்லோடு ஒத்துப்போனது. 2010 மே 22 அன்று மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

நம்பிக்கை: பழைமை கலையாமல் அப்படியே நிற்கும் ஊர்.

உண்மை: 1945இல் போர் ஊரின் பெரும்பகுதியை அழித்தது. கோபர்நிக்கஸ் பிறந்த 500ஆம் ஆண்டை முன்னிட்டு, 1966 முதல் 1973 வரை ஆயிரக்கணக்கான சாரணர்கள் வந்து ஊரைச் சீரமைக்கப் பாடுபட்டார்கள்.

ஃப்ரோம்போர்க் போகிறவர்கள் கோபர்நிக்கஸின் கல்லறையோடு திரும்பிவிட வேண்டாம். நீர்க்கோபுரத்தையும், சாரணர்கள் மீட்டெடுத்த தெருக்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஊர் ஒருவரால் மட்டும் ஆனதல்ல.