அறிகுறி இல்லாத ஆபத்து

1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கடும் தலைவலியால் மயங்கிச் சாய்ந்தார். அப்போது அவரது இரத்த அழுத்தம் 300/190. மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு அன்றே அவர் இறந்தார். அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆனால், அதைக் குறைக்கத் தக்க மருந்து அன்று இல்லை.

பின்னர், முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1967-இல் வெளிவந்தது. இரத்த அழுத்தத்தின் கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் அதில் பங்கேற்றனர். மருந்து உட்கொண்ட 73 பேரில் இருவர் மட்டுமே கடும் பாதிப்புக்கு உள்ளாயினர். மருந்தில்லா மாத்திரை உட்கொண்ட 70 பேரிலோ 27 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் நால்வர் உயிரிழந்தனர்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியின்றியே வளரும். எனவே, அவ்வப்போது அளந்து பார்ப்பதே வருமுன் காக்கும் வழியாகும்.