கொல்லையில் முளைத்ததெல்லாம் களையா?

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்தால் போதும், எங்கள் பிரம்மதேசத்தில் கொல்லைப்புறத்தில் கால் வைக்க இடமிருக்காது. என் வீடும் அப்படித்தான். சில வருடங்களுக்கு முன் என் மனைவி பொறுமையிழந்து, "ஏங்க, நீங்க எடுக்கறீங்களா, இல்ல நான் ஆள் கூப்பிடட்டுமா?" என்றாள். ஆள் வந்தது. ஒரே நாளில் கொல்லை மொட்டை!

அடுத்த வாரம் எனக்குக் கீழாநெல்லி தேவைப்பட்டது. ஒரு செடி இல்லை. கோரை மட்டும் ஜம்மென்று தலை தூக்கியிருந்தது. சித்த வைத்தியர் வீட்டுக்கே இந்தக் கதி! எனவே வாசகர்களே, களை பிடுங்குமுன் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடனே பிடுங்க வேண்டியது

பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. 1950களில் புணே பக்கம் தென்பட்ட இந்த அயல்நாட்டுச் செடி, இன்று நாடெங்கும் இருக்கிறது. தோலில் அரிப்பு, கரப்பான், தும்மல், இளைப்பு எல்லாம் தரும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். ஆகவே பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

மல்லுக்கு நிற்க முடியாதது

கோரை. மேலே அறுத்தால் கீழே இருக்கும் கிழங்கு சிரிக்கும்! மறுபடி முளைக்கும். கிளறிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். கோரைக்கு நிழல் ஆகாது. பூசணிக் கொடியைப் படரவிட்டால் கொஞ்சம் அடங்கும். வேடிக்கை என்னவென்றால், காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் சித்த மருத்துவத்தில் சேரும் கோரைக்கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

விட்டு வைக்க வேண்டியவை

கீழாநெல்லி: இலைக்கு அடியில் குட்டி நெல்லிக்காய் போல வரிசையாகக் காய் தொங்கும். காமாலைக்குக் கேட்காமலே அரைத்துக் குடிப்பவர்கள் கவனிக்கவும். மஞ்சள் நிறம் ஓர் அறிகுறிதான். கிருமியாலும் வரும், பித்தப்பைக் கல்லாலும் வரும். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமி உள்ள 37 பேருக்கு இதைக் கொடுத்ததில் 22 பேருக்கு இரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். பின்னால் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மருந்து. காமாலையோடு மயக்கமோ பிதற்றலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி!

குப்பைமேனி: இலையை மஞ்சளோடு அரைத்துச் சொறி, சிரங்குக்கு மேலே பூசலாம். உள்ளுக்கு நீங்களாகச் சாப்பிடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

மூக்கிரட்டை: பருப்போடு கடைந்து சாப்பிடக் கீரை. சிறுநீரை நன்றாகப் பிரிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

மருந்தடிக்க நினைக்கிறீர்களா?

"ஒரே அடி, எல்லாம் காலி" என்று கடைக்காரர் களைக்கொல்லியை நீட்டுவார். நாலு சென்ட் கொல்லைக்கு அது எதற்கு? பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், அதைக் குழந்தை எடுப்பதும் நடக்கிற காரியம். மருந்தடித்த இடத்தில் கீரை, மூலிகை எதையும் பறிக்கவும் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கொல்லைக்குப் போங்கள். ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்துப் பேர் சொல்லிக் கொடுங்கள். பேர் தெரியாததை வாயில் வைக்காதீர்கள்.

இப்போது எங்கள் கொல்லையில் ஓர் ஓரம் மட்டும் கீழாநெல்லிக்கு ஒதுக்கியாயிற்று. அங்கே கோரையும் வந்துவிட்டது. "இதுவும் மருந்துதானே?" என்று மனைவி கேட்கிறாள். பதில் சொல்லாமல் மண்வெட்டியைத் தேடுகிறேன்!