கடல்மீன் வளர்ப்பில் தெரிந்து தெளிதல்

கடலைக் கண்டு களித்தோர், அதன் சிறு கூறொன்றையேனும் தம் இல்லத்தே வைத்துக் காண விழைதல் இயல்பே. பவளப்பாறைகளிடையே செம்மையும் பொன்மையும் நீலமும் மிளிரத் திரியும் சிறு மீன்களைக் கண்ணாடித் தொட்டியிலிட்டுப் பேணும் வழக்கம் நம் நகரங்களிலும் இந்நாளில் காணப்படுகின்றது. கண்ணுக்கு இனிய இவ்வழக்கம் கடலுக்குத் தீதாகாதிருத்தல் வேண்டுமாயின், வளர்ப்போர் அறியற்பாலன சில உள. அவற்றைச் சுருங்க உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கத்தின் வரலாற்றிலேயே நமக்கோர் எச்சரிக்கை அமைந்துளது. இங்கிலாந்து தேயத்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கைநூல் வல்லார் ஒருவர் இருந்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியுடையவர். 1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையிலே பொதுமக்கள் காணத் திறக்கப்பட்ட மீன்மனைக்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவருள் அவரும் ஒருவர். மறு ஆண்டில் அவர் வெளியிட்ட 'அக்வேரியம்' என்னும் நூலைப் பலரும் விரும்பிக் கற்றனர். படைத்தோனது கைவண்ணத்தை யாவரும் கண்டு போற்றல் வேண்டுமென்பதே அவர்தம் கருத்து. ஆயின், விளைந்தது வேறு. நூலைக் கற்றோர் திரள் திரளாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக்குழிகளில் வாழ்ந்த உயிர்களை வாரிக்கொண்டு போயினர். அவர் மைந்தர் எட்மண்ட் காஸ், 1907-இல் வெளிவந்த 'தந்தையும் மகனும்' என்னும் நூலில், அக்கரைகள் அழகிழந்து வறிதானமையையும், தம் நூல்களே அதற்கு ஏதுவாயினமை உணர்ந்து தந்தையார் வருந்தியமையையும் எழுதியுள்ளார். அன்பு மட்டும் அமையாது. அறிவொடு கூடிய அன்பே உயிரைக் காக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கடல்நீரின் இயல்பை முதற்கண் நோக்குவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. பவளப்பாறையை அடுத்த நீரின் உவர்ப்பும் வெப்பமும் ஒரு நாளைக்குள் பெரிதும் மாறுவதில்லை. அம்மாறாமைக்குப் பழகிய உயிர்களையே நாம் தொட்டியில் இடுகின்றோம். தொட்டி சிறிதாயின் வளர்த்தல் எளிது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. நீர் எத்துணைக் குறைவோ அத்துணை விரைவில் அது கெடும். ஆதலின், புதிதாகத் தொடங்குவோர்க்கு 100 லிட்டரிற் குறையாத தொட்டியே தக்கது. வெப்பம் 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேடு வரை நிற்றல் நன்று. நீர் ஆவியாகிச் செல்லுங்கால் உப்பு உடன் செல்லாது. எனவே, குறைந்த நீரை நன்னீரால் நிரப்ப வேண்டுமேயன்றி, உப்புநீரால் நிரப்புதல் ஆகாது. கடல்நீர் ஆக்குதற்குச் சமையலுப்பு உதவாது. அதற்கெனக் கலந்து விற்கப்படும் உப்பே வேண்டும். குழாய்நீராயின் அதிலுள்ள குளோரினை நீக்கிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும்.

அடுத்து அறியவேண்டுவது, கண்ணுக்குப் புலனாகாத பணியாளரைப் பற்றியது. மீனின் கழிவும், உண்டு எஞ்சிய இரையும் அம்மோனியா என்னும் நஞ்சைத் தோற்றுவிக்கும். நுண்ணுயிருள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்நுண்ணுயிர்கள் தொட்டியிலுள்ள பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுகாறும் மீன் இடாது, சிறிது மீனுணவை மட்டும் நீரிலிட்டு அவற்றை வளர்த்தல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றன என்று சோதித்து அறிந்த பின்னரே மீன் புகலாம். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குவோர், அம்மீனைக் கொல்லுதற்கென வாங்குவோரேயாவர்.

நிற்க. மீனைத் தேர்தலே இக்கலையின் தலையாய பகுதி. பேணுதலிற் செய்யும் பிழை பலவற்றைத் திருத்தலாம். தேர்தலிற் செய்யும் பிழையையோ எத்துணைப் பேணினும் திருத்துதல் அரிது. ஆதலின், அழகினை ஆராயுமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, இம்மீன் முற்ற வளர்ந்தால் எவ்வளவாகும்? நீல டாங் என்னும் மீன் கடையில் விரலளவாய்க் காணப்படும். முற்றினால் 30 சென்டிமீட்டர் வரை நீளும். பாறைவெளியில் நெடிது நீந்தித் திரியும் அதனைச் சிறு தொட்டியில் அடைத்தல் சிறைப்படுத்தலே.

இரண்டாவது, இஃது உண்பது யாது? மாண்டரின் மீன் பாறையிடுக்குகளில் ஊரும் மிகச் சிறிய உயிர்களை நாள் முழுதும் பொறுக்கி உண்பது. சிறு தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துவிடும். பின்னர் அழகு குன்றாமலே பசியால் மெலிந்து மடியும். வண்ணத்துப்பூச்சி மீன்களுட் பல பவளவுயிர்களையே உணவாகக் கொண்டவை. வாங்குமுன் கடைக்காரரை இரையிடச் செய்து, மீன் உண்ணுவதைக் கண்ணாற் காணுதல் நலம்.

மூன்றாவது, இதன் குணம் யாது? டாம்சல் எனப்படும் சிறு மீன்கள் விலையில் எளியன, உடல் வலியன. ஆயினும், அவற்றுட் பல தமக்கென ஓரிடம் வகுத்துக்கொண்டு பின்வரும் மீன்களையெல்லாம் துரத்திக் கடிக்கும்.

நான்காவது, இஃது எங்கிருந்து, எவ்வாறு வந்தது? இதுவே பலரும் கேளாது விடும் வினா. 1960-ஆம் ஆண்டுகளில் பிலிப்பைன் தீவுகளில், சயனைடு நஞ்சைப் பாறையிடுக்கிற் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தோன்றிப் பரவிற்று. அந்நஞ்சு பவளத்தையும் கொல்லும். பிழைத்த மீன்களுட் பலவும் சின்னாளில் மடியும். இந்தோனேசியாவில் பங்காய்த் தீவுகளில் மட்டுமே இயல்பாய் வாழும் கார்டினல் மீனின் வரலாறும் இரங்கத்தக்கது. அதன் ஆண் முட்டைகளை வாயிலேந்திக் காக்கும். குஞ்சுகள் தொலைவிற் பரவுவதில்லை. எனவே, ஓரிடத்தில் வாரிவிட்டால் அவ்விடம் மீள நிரம்புதல் அரிது. வணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையால், 2007-இல் அஃது அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆயின், தொட்டியிலும் இனம்பெருக வல்லது அம்மீன். ஆதலின், தொட்டியிற் பிறந்ததனைக் கேட்டு வாங்குவோர் கடலிற் கைவையாதவராவர்.

நம் நாட்டார் மறவாது கொள்ளவேண்டுவது மற்றொன்றுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் கற்பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இலேயே கடற்பூங்காவாக அமைக்கப்பட்டது. ஆகவே, உயிருள்ள பவளத்தைப் பெயர்த்துவந்து தொட்டியை அணிசெய்தல் குற்றமாகும். சுட்ட மண்ணாலும் பிறவாற்றாலும் செய்த பாறைகளே போதும். மீனுக்கு வேண்டுவது ஒளிந்துகொள்ள இடமேயன்றி உயிர்ப்பவளம் அன்று.

இந்நான்கு வினாவுக்கும் நல்விடை தருவது கோமாளி மீன். அது சிறியது, கொடுக்கும் இரையைத் தயங்காது உண்பது, பொரிப்பகங்களிற் பிறந்தே கிடைப்பது. 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் அதனை இனம்பெருக்கும் முறைகளை வகுத்துள்ளனர். கடலில் அது கடற்சாமந்தியின் நச்சிழைகளிடையே அடைக்கலம் புகும். பகையற்ற தொட்டியிலோ அத்துணையின்றியும் வாழும். இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்திற் பெரியது பெண்ணாக மாறும். எனவே, இளமீன் இரண்டை ஒருங்கே இட்டால் அவை இணையாகும். 100 லிட்டர்த் தொட்டிக்கு இவ்விணையும், மணலிற் பதுங்கும் சிறு உளுவை மீன் ஒன்றும் போதும். இன்னும் இரண்டு இடலாமே என்று தோன்றும்போது கையை அடக்குதலே வளர்ப்போனது திறமை.

புதிதாய் வரும் மீனை நான்கு வாரம் வேறு தொட்டியில் வைத்து, வெண்புள்ளி நோய் முதலியன இல்லையென அறிந்து சேர்த்தல் வேண்டும். சில நிமிடங்களில் உண்டு தீரும் அளவே இரையிடல் வேண்டும். வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றல் வேண்டும். மின்சாரம் நின்றால் நீரோட்டம் நின்று உயிர்வளி குறையும். ஆதலின், மின்கலத்தால் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்று என்றும் கைவசம் இருத்தல் நன்று.

மாணவ நண்பர்கள் இன்னுமொன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நன்கு பேணப்பட்ட கோமாளி மீன்கள் இருபது ஆண்டுக்கு மேலும் வாழ்ந்ததுண்டு. மூன்றாண்டில் விடுதியை விட்டு நீங்குவோர், மீனை வாங்குமுன்னரே அதன் பின்னாளைப் பற்றித் துணிதல் வேண்டும். வேண்டாத போது கடலில் விட்டுவிடலாம் என்பது நல்வழியன்று. நம் பக்கத்துக் கடல்களுக்குரிய சிங்கமீன் 1985-இல் பிளாரிடாக் கரையருகே காணப்பட்டது. வளர்ப்போர் விடுத்தமையே அதற்குக் காரணமாதல் வேண்டுமென்பது அறிஞர் துணிபு. இன்று அது கரீபியக் கடலெங்கும் பரவி, அந்நாட்டு மீன்களை விழுங்கி வருகின்றது.

கடலின் மச்சங்கள்மேல் மனிதனுக்கு ஆளுகை அளிக்கப்பட்டமையை ஆதியாகமம் கூறும். ஆளுகையாவது விரும்பியவாறு வாரிக்கொள்ளும் உரிமையன்று. தலைவன் பொருளைக் காத்துக் கணக்கொப்புவிக்கும் உக்கிராணக்காரனது கடமையே அது. அக்கணக்கு, தொட்டியின் முன் அமர்ந்து மகிழும்போது தொடங்குவதன்று. கடையில் மீனைச் சுட்டி, "இது வேண்டும்" என்று சொல்லும்போதே தொடங்குகின்றது.