படத்துக்கு முன் ஆளைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

மூளை அறுவைப் பிரிவில் பி.ஜி. சேர்ந்திருக்கிறாய். நோயாளி வார்டுக்கு வந்து சேர்வதற்குள் அவருடைய எம்.ஆர்.ஐ. படம் உன் போனுக்கு வந்துவிடுகிற காலம் இது. அதை எப்போது திறப்பது, எவ்வளவு நம்புவது என்பது பற்றிச் சில வார்த்தைகள்.

1884 நவம்பர் 25 அன்று லண்டனில் ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் 25 வயது ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் மண்டையைத் திறந்தார். எங்கே திறக்க வேண்டும் என்று சொன்னவர் ஹியூஸ் பென்னெட் என்ற மருத்துவர். வலிப்பில் முதலில் முகத்தின் இடப்பக்கம் துடித்தது, பிறகு இடக்கையும் துடிக்கத் தொடங்கியது, கடைசியில் அந்தக் கை வலுவிழந்தது. இந்த வரிசையை வைத்தே, வலப்பக்க மூளையில் கையை அசைக்கும் பகுதியில் கட்டி என்று அவர் கணித்தார். கட்டி அங்கேதான் இருந்தது. தொற்றினால் அந்த இளைஞர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார் என்பது வேறு சோகம். ஆனால் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, கேட்டும் தொட்டும் தட்டியும் பார்த்தே மூளைக்கட்டியின் இடத்தைச் சொல்ல முடிந்திருக்கிறது.

அதனால் முதலில் கேள். தலைவலி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கட்டி கிடையாது. விடியற்காலையில் எழுப்பிவிடும் வலி, வாந்தி, வாரத்துக்கு வாரம் கூடுவது, இதுவரை வலிப்பே வராத நடுவயதுக்காரருக்கு முதல் வலிப்பு: இவைதான் உன் காதில் விழ வேண்டியவை. நோயாளியிடம் கேட்டதோடு நிறுத்தாதே, அவர் மனைவியிடமும் கேள். “முன்ன மாதிரி இல்லீங்க, கணக்கு வழக்கெல்லாம் விட்டுட்டாரு, சம்பந்தமில்லாம சிரிக்கிறாரு” என்று அந்த அம்மா சொல்வதில் முன்மூளைக் கட்டி ஒளிந்திருக்கலாம். இத்தகையவர்கள் மனநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நம்மிடம் வருவதுண்டு. கண்ணுக்குள் ஆப்தால்மோஸ்கோப் வைத்துப் பார்க்கும் பழக்கம் உங்கள் தலைமுறையில் குறைந்துவருகிறது, எனக்கு அதில் வருத்தம்தான். பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருந்தால் பெரும்பாலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில், ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கத் துணியாதே. மூளை கீழே இறங்கி உயிரே போய்விடலாம்.

இனி படம். மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒரு வளையம் மின்னும். உடனே ‘கிளியோமா’ என்று வாயைத் திறந்துவிடாதே. நம் ஊரில் காசநோய்க் கட்டியும் வளையமாகத் தெரியும், நாடாப்புழுவின் சிஸ்டும் அப்படியே தெரியும், சீழ்க்கட்டியும் தெரியும், நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவிவந்த புற்றும் தெரியும். சீழ் என்றால் டிஃப்யூஷன் படத்தில் வளையத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். மார்பு ஸ்கேன் பரவிய புற்றின் மூலத்தைக் காட்டிக்கொடுக்கலாம். இவையெல்லாம் உதவிகள், தீர்ப்பு அல்ல.

வேலூர் சி.எம்.சி.யின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வலிப்போடு வந்த இந்தியர்களின் சி.டி. படங்களில் தெரிந்த சிறு ஒற்றை வளையங்களை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்றே வைத்து, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் மருத்துவர்கள் திசு எடுத்துப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் வேலை என்று தெரிந்தது. பல தானாகவே மறைந்தும் போயின. 20 மில்லிமீட்டருக்கு மிகாத அளவு, மூளையின் நடுக்கோடு விலகாமை, மண்டைக்குள் அழுத்தம் ஏறாமை என்று அவர்கள் வகுத்த அளவுகோல்கள் பலருக்கு அறுவையே தேவையில்லாமல் செய்தன. படத்தைத் திருத்தியது திசுதான்.

இன்னொரு எச்சரிக்கை. வீக்கத்தைப் பார்த்ததும் டெக்ஸாமெத்தசோன் எழுதக் கை துறுதுறுக்கும். நோயாளி மோசமாகிக்கொண்டிருந்தால் தயங்காமல் கொடு. அவசரமில்லாத நிலையில், லிம்போமாவாக இருக்குமோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் பயாப்ஸி முடியும்வரை பொறுத்திரு. அந்தக் கட்டி ஸ்டீராய்டில் கரைந்துபோகும், எடுத்த திசுவில் ஒன்றும் தெரியாமல் எல்லோரும் விழிப்பீர்கள்.

திசுவும் இப்போது மைக்ரோஸ்கோப்போடு முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, பெரியவர்களுக்கு வரும், பார்வைக்குச் சாதுவாகத் தெரியும் ஊடுருவும் வகை ஆஸ்ட்ரோசைட் கிளியோமாவில்கூட ஐ.டி.எச். மரபணு மாற்றம் இல்லாமல், டெர்ட் மரபணு மாற்றம் போன்ற சில குறிகளில் ஒன்று இருந்தாலே அது கிளியோபிளாஸ்டோமாதான். எல்லாப் பரிசோதனையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஐ.டி.எச். சாயப் பரிசோதனையையாவது கேட்டு வாங்கு.

குடும்பத்தார் நடைவழியில் உன்னை மறித்து “கேன்சரா டாக்டர்?” என்பார்கள். “கட்டி இருக்கு. என்ன கட்டின்னு சதையை எடுத்துப் பார்த்துதான் சொல்ல முடியும்” என்று சொல். உட்காரவைத்துச் சொல். “அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்று கெஞ்சுவார்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டுவிடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பயாப்ஸி படிவத்தில் ‘மூளைக்கட்டி’ என்று ஒற்றைச் சொல் எழுதி அனுப்பாதே. வயது, கட்டி இருக்கும் இடம், எத்தனை நாள் தொந்தரவு, வலிப்பு உண்டா, ஸ்டீராய்டு கொடுத்தாயா, படத்தில் எப்படித் தெரிந்தது என்பதையெல்லாம் எழுது. நோயியல் மருத்துவர் உன் நோயாளியைப் பார்த்ததே இல்லை.

அன்புடன்,
உன் மூத்தவன்