தோட்டா லேத் வேலை அல்ல

நம்பிக்கை: "தோட்டாவா? அது நம்ம ஆவடியிலேயே தயாராகுதே!"

ஆவடியில் தயாராவது டாங்கி. கனரக வாகனத் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா 1965-இல் வெளிவந்தது. பக்கத்தில் டாங்கி எஞ்சினுக்கு ஓர் ஆலை, படையினர் உடுப்புக்கு இன்னொன்று. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மகாராஷ்டிரத்துக் கட்கி, வரண்காவ் பக்கம் போக வேண்டும். உள்ளே போகும் மருந்து என்றால் நம் நீலகிரி அருவங்காட்டுக்குப் பங்கு உண்டு.

நம்பிக்கை: "லைசென்ஸ் இருக்கு. அமெரிக்காக்காரன் மாதிரி காலித் தோட்டா கேஸில் வீட்டிலேயே மருந்து அடைச்சுக்கலாம்."

கூடாது. அந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்க மட்டும்தான். தோட்டா செய்ய 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தனி உரிமம் வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: தோட்டா செய்யும் இயந்திரமும் அந்தச் சட்டத்தின் கணக்கில் தோட்டாதான். உரிமமின்றிச் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு; ஆயுள் வரை போகலாம்.

நம்பிக்கை: "அம்பத்தூர் எஸ்டேட்டில் மைக்ரான் கணக்கில் கடையறாங்க. குண்டை கேஸில் உட்கார வைப்பது ஒரு வேலையா?"

கடைசல்காரர்களின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். 9 மி.மீ. தோட்டாவின் முழு நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ. குண்டு சற்றே ஆழமாக இறங்கினால் மருந்தின் அளவு அதேதான், எரிய இடம் மட்டும் குறைகிறது, அழுத்தம் எகிறிவிடும். நீளம் கூடினால் ஸ்லைடு மூடாது. வாயைப் போதுமான அளவு விரிக்காத கேஸில் ஈயக் குண்டு சீவிக்கொண்டு கோணலாக இறங்கும். குண்டின் மசகு, குண்டை அழுத்தும் டையில் சேரச் சேர, அடுத்தடுத்த குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போகும். பல முறை சுட்ட பித்தளைக் கேஸ் இறுகிப்போய்க் குண்டைக் கவ்வாது. நீளத்தை வெர்னியர் காட்டும். கவ்வும் பிடியைக் காட்டாது.

9 மி.மீ. நம் ஊரில் பொதுமக்களுக்குக் கிடையாது, .32 தான் என்பீர்கள். .32 ரிவால்வரில் தொல்லை தலைகீழ்: கேஸின் வாயைச் சரியாக மடிக்காவிட்டால், சுடும் உதைப்பில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னே நகர்ந்து சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும்.

நம்பிக்கை: "ஃபேக்டரி தோட்டாவுக்கு இந்த வம்பே இல்லை."

உண்டு. தினமும் காலையில் பிஸ்டலில் ஏற்றி, இரவில் இறக்கி, மறுநாளும் அதே ரவுண்டை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு பீப்பாய்க்கு ஏறும் சரிவில் மோதி உள்ளே இறங்குகிறது. அதே பெட்டியின் புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பழையது குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம். குறடால் இழுத்துச் சரிசெய்யவும் வேண்டாம். தனியே எடுத்து வைத்து, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படையுங்கள்.