ஒரு மணி நேரப் படிப்பு

என் அக்கா நர்சிங் டிப்ளமா படிக்கிறாள். வார்டு டியூட்டி முடிந்து வந்தால் படிக்கக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். போன தேர்வில் கணக்கில் கோட்டை விட்டவள், "நீ மெக்கானிக்கல்தானே, கேள்வி கேளுடா" என்றாள்.

1000 மி.லி. சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ஐ.வி. செட்டில் ஒரு மி.லி.க்கு 15 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மி.லி.யைச் சொட்டால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் வகுக்கணும். 15000-ஐ 480-ஆல் வகுத்தால் 31.25, அதாவது 31 சொட்டு. அக்கா 8-ஆல் வகுத்து 1875 என்றாள். மணியை நிமிடமாக்கவில்லை! நாம யூனிட்டில் கோட்டை விடுகிற அதே கதைதான். ஆனால் அங்கே கட்டிலில் ஒரு ஆள் படுத்திருக்கிறார்.

"நிமிடத்துக்கு 1875 சொட்டை எண்ண முடியுமாக்கா?" என்றேன். சிரித்துவிட்டாள். அப்புறம் தினமும் புத்தகத்தை மூடிவைத்து ஐந்து கணக்கு. யூனிட்டை எழுதாமல் எண்ணைத் தொடுவதில்லை. உடற்கூறியல் எல்லாம் பஸ்ஸில்தான்.

என் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியருக்கு இப்போ அக்கா கேள்வி கேட்கிறாள்.