கலப்புக் கல்வியும் எழுதும் யந்திரமும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயால் கலாசாலைகள் மூடப்பட்டபொழுது, பாடங்கள் இணையவழியே மாணாக்கர் இல்லம் புகுந்தன. அவ்வாண்டே சென்னை ஐ.ஐ.டி., பாடம் இணையத்திலும் தேர்வு நேரிலுமாக ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. இவ்வாறு இருவழியும் கலத்தலே கலப்புக் கல்வியாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் எழுதும் யந்திரம் வெளிவந்தது. அஃது எங்ஙனம் விடை எழுதுகின்றது? எண்ணிறந்த எழுத்துக்களில் பயின்று, ஒரு சொல்லையடுத்து வரத்தக்க சொல் யாதெனக் கணித்துத் தொடுக்கின்றது. நடை செம்மையாதல் வேறு. பொருள் மெய்யாதல் வேறு.

உதாரணமாக, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதையைப்பற்றி அதனை வினவுவோம். நம் கல்மண்டபத்திற்கு அண்மையிலுள்ள இராயபுரம் நிலையத்தினின்று, 1856 ஜூலை 1-ஆம் நாள் வாலாஜா ரோட்டுக்குப் பயணிகள் வண்டிப் போக்குவரத்துத் தொடங்கிற்று. யந்திரம் ஆண்டையோ ஊரையோ மாற்றியுரைப்பினும், அதே தெளிவான நடையில்தான் உரைக்கும். பிழை காண்பவர் முன்னரே கற்றவராதல் வேண்டும்.

ஆகவே, விரிவுரையை இல்லத்திற் கேட்டு, யந்திரத்தின் விடையை வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் சோதித்தலே தக்க முறையாம். தாம் எழுதாத கட்டுரையால் பட்டம் பெறலாம், கல்வி பெறலாகாது. "இஃது உமக்கு எங்ஙனம் தெரியும்?" என்னும் வினாவிற்கு விடையிறுக்க வல்லவரே கற்றவராவர்.